மரக்கட்டைக்குப் பதில் பொம்மைப் படை: ஹெக்ஸ் விளையாட்டை மினியேச்சருக்கு மாற்றுவது எப்படி?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. ‘கமாண்ட்ஸ் அண்ட் கலர்ஸ்: ஏன்ஷியன்ட்ஸ்’ கையில் இருக்கிறது. ரோமும் கார்த்தேஜும் மோதும் அந்த விளையாட்டில், ஸ்டிக்கர் ஒட்டிய மரக்கட்டைகளை ஓரம்கட்டிவிட்டு பெயின்ட் அடித்த சிறு வீரர்களை இறக்க ஆசை. எந்த அளவு ஹெக்ஸ் (பலகையின் அறுகோணக் கட்டம்), எந்த அளவு பொம்மை, விதிகளில் எதைத் தொடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அதோடு, போகிறபோக்கில், “ஹெக்ஸையே எடுத்துவிட்டு டேப் வைத்து அளந்து ஆடினால் என்ன?” என்று ஒரு வரி. என்னைக் கேட்டால் முழுக் கேள்வியும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் வெறும் மில்லிமீட்டர் கணக்கு. இரண்டு வகை விளையாட்டிலும் நெடுநாள் பழக்கம் உண்டு. பொம்மைப் படைகளும் செய்திருக்கிறேன். ஆனால் என் கைவேலை எல்லாம் 15 மி.மீ. ஆளுயர அளவிலும், நிஜ ஆளை 72இல் ஒரு பங்காகச் சுருக்கும் 1/72 பிளாஸ்டிக்கிலும்தான். 28 மி.மீ. பற்றி நான் சொல்வதை ஏட்டுக்கணக்காக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த ஒரு வரி. என் பதில்: ஹெக்ஸை எடுக்காதீர்கள். அழகுக்காக நிலத்தின்மேல் போட்ட கோடுகள் என்று அவற்றை நினைத்தால்தான் எடுத்துவிடலாம் என்று தோன்றும். இந்த விளையாட்டில் நகர்வு, எறிதூரம், பின்வாங்கல், பக்கத்துணை எல்லாமே கட்டத்தை எண்ணித்தான் நடக்கின்றன. பலகை 13 கட்டம் அகலம், 9 வரிசை ஆழம். உட்கார்ந்திருக்கும் ஆட்டக்காரரின் பார்வையில் ஒவ்வொரு ஹெக்ஸின் முனையும் எதிரியை நோக்கி இருக்கிறது. தட்டையான பக்கங்கள் இடமும் வலமும். இதனால் ஒரு யூனிட்டுக்கு (சில கட்டைகள் சேர்ந்த படைப்பிரிவு) முன்னால் இரண்டு கட்டம், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, பின்னால் இரண்டு. நேர்வரிசையில் நிற்கும் படையின் நடுவில் உள்ள எந்த யூனிட்டையும் எதிரியின் இரண்டு யூனிட்டுகள் முன்னாலிருந்தே தொடலாம்.

இதன் விளைவை எண்ணில் பாருங்கள். கனரகக் காலாட்படை நேரடிச் சண்டையில் 5 பகடை உருட்டுகிறது. நடுத்தரக் காலாட்படையைத் தாக்கினால் பகடையின் நீல முக்கோண முகமும் வாள் முகமும் அடியாகும். ஆறு முகத்தில் இரண்டு, அதாவது மூன்றில் ஒன்று. 5 பகடைக்குச் சராசரியாக ஒன்றரைக்குச் சற்று மேல் கட்டை போகும். அடிபட்ட யூனிட்டில் இருப்பது 4 கட்டை. பின்வாங்கச் சொல்லும் கொடி முகம் விழுந்து அது நழுவிவிடாத பட்சத்தில், இரண்டாவது யூனிட்டும் வந்து அதே 5 பகடையை உருட்டினால் மொத்தச் சராசரி மூன்றைத் தாண்டும், அந்த யூனிட் கிட்டத்தட்டக் காலி. டேப் வைத்து ஆடும் மேசையில் செவ்வகப் பேஸ் (பொம்மைகளை ஒட்டும் அடிப்பலகை) ஒன்றின் முகத்தை ஒரு பேஸ்தான் முழுதாகத் தொடும். ஓரத்தில் நிற்பவன் மட்டுமே இரட்டை அடி வாங்குவான். அதே பகடை, அதே கட்டை எண்ணிக்கை, ஆனால் நடுவரிசை உடைய இரண்டு மடங்கு நேரம் ஆகும். யூனிட்டுகளுக்குக் கட்டளையிடும் கார்டுகளும் பகடையும் முதல் நிலைமைக்காக அளந்து வைத்தவை. விளையாட்டு இழுவையாகிவிட்டது, பொம்மையால்தான் மெதுவாகிறது என்று பலர் சலித்துக்கொள்வதற்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது இதுதான்.

யானையை எடுத்துக்கொண்டால் இன்னும் தெளிவாகத் தெரியும். பின்வாங்க நேர்ந்த யானை மதம் பிடித்து, பக்கத்துக் கட்டங்களில் யார் இருந்தாலும், நண்பனோ எதிரியோ, அடித்துவிட்டுத்தான் நகர்கிறது. கி.மு. 202இல் ஸாமாவில் ஹன்னிபாலின் யானைகளில் சில கொம்பொலிக்கு மிரண்டு திரும்பித் தம் பக்கத்துக் குதிரைப்படை மீதே பாய்ந்ததாகப் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதியிருப்பதற்கு இந்த விதி நியாயம் செய்கிறது. ஹெக்ஸில் ‘பக்கத்தில்’ என்றால் ஆறு கட்டம், சண்டைக்கு இடமில்லை. கட்டமில்லா மேசையில் எத்தனை அங்குலத்துக்குள், பேஸின் எந்த மூலையிலிருந்து, இடையில் இன்னொரு யூனிட் நின்றால் என்ன என்று ஒரு பக்க விதி எழுத வேண்டிவரும். அப்படி எழுத உங்களுக்குப் பிடிக்கும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் நீங்கள் செய்வது அப்போது மாற்றம் இல்லை, புது விளையாட்டு.

ஹெக்ஸ் கண்ணை உறுத்துகிறது என்பதுதான் உங்கள் குறை என்றால் அதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. செங்கல் சுவரைப் போல, செவ்வகக் கட்டங்களை வரிசைக்கு வரிசை அரைக்கட்டம் தள்ளிப் போடுங்கள். ஒவ்வொரு செவ்வகத்துக்கும் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, பக்கங்களில் இரண்டு, மொத்தம் ஆறு அண்டை. யார் யாரைத் தொடுகிறார் என்ற கணக்கில் இது ஹெக்ஸேதான். ஒரு விதியைக்கூட மாற்ற வேண்டாம். செவ்வகப் பேஸ் செவ்வகக் கட்டத்தில் சிக்கென்று உட்காரும், படைவரிசை நேராகத் தெரியும். 100 மி.மீ. அகலம், 80 மி.மீ. ஆழம் என்று வைத்தால் 9 வரிசைக்கு 72 செ.மீ.தான். எறிபடைகள் பார்க்கும் கோட்டைக் கட்டத்தின் நடுவிலிருந்து நடுவுக்குப் பிடிக்கும்போது ஹெக்ஸில் வரும் கோணத்துக்கும் இதற்கும் சிறிது வித்தியாசம் வரும். எறிதூரம் இரண்டு மூன்று கட்டம்தான் என்பதால் இது பெரிதாகத் தொந்தரவு செய்யாது. நான்கு பக்கமும் ஒரே வரிசையாக ஓடும் சதுரக் கட்டத்தை மட்டும் எடுக்காதீர்கள். மூலைவிட்டத்தில் அடிக்கலாமா கூடாதா என்ற வழக்கு ஆட்டம் முழுக்க ஓயாது.

இனி அளவு. ஹெக்ஸின் எதிரெதிர்த் தட்டைப் பக்கங்களுக்கு இடையே 100 மி.மீ. என்பது 15 மி.மீ. பொம்மைக்கு மிகச் சரியான அளவு. ஆயத்தமாகக் கிடைக்கும் நிலப்பலகைகளும் பெரும்பாலும் இதை ஒட்டியே வருகின்றன. அப்படியானால் 13 கட்டத்துக்கு 130 செ.மீ. அகலம். ஆழம் அதே கணக்கில் 90 செ.மீ. வராது. வரிசைகள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்துவதால் ஒவ்வொரு வரிசைக்கும் 86.6 மி.மீ.தான் கூடும், ஒன்பது வரிசைக்கு சுமார் 81 செ.மீ. சாதாரணச் சாப்பாட்டு மேசையிலேயே ஒரு முழுப் போர் அடங்கும். கார்டுக்கும் செத்தவர்களை வைப்பதற்கும் ஓரத்தில் ஒரு சாண் விடுங்கள். 28 மி.மீ. பொம்மை என்றால் 6 அங்குல ஹெக்ஸ் வேண்டும். அகலம் ஆறரை அடி, ஆழம் நாலடி ஆகிவிடும். அந்த மேசையின் நடுக்கட்டத்தைக் கைநீட்டித் தொட முடியுமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

100 மி.மீ. ஹெக்ஸுக்குள் எவ்வளவு பெரிய செவ்வகம் போகும் என்பதுதான் பேஸ் விஷயத்தில் முக்கியமான எண். 80 மி.மீ. அகலம் வைத்தால் 69 மி.மீ. ஆழம் வரை போகும். 15 மி.மீ. அளவில் ரொம்பக் காலமாகப் பரவலாகப் புழங்கும் 40 மி.மீ. அகலப் பேஸ்கள் இதற்கென்றே செய்தவைபோலப் பொருந்துகின்றன. காலாட்படைக்கு 40க்கு 15 அல்லது 40க்கு 20 பேஸ் நான்கு, இரண்டிரண்டாக இரண்டு வரிசை. குதிரைக்கு 40க்கு 30 பேஸ் மூன்று, முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. யானைக்கும் தேருக்கும் 40க்கு 40 இரண்டு. இந்த 4, 3, 2 எண்ணிக்கை விளையாட்டின் கட்டை எண்ணிக்கையேதான். கட்டைக்கு ஒரு பேஸ், அவ்வளவே. தளபதிக்கு 25 மி.மீ. வட்டப் பேஸ்; காலாட்படையின் பின்னால் ஹெக்ஸின் முனை ஒதுங்குகிற இடத்தில் அது நிற்கும், யூனிட்டோடு இணைந்திருக்கிறார் என்பது பார்த்தவுடன் புரியும்.

மக்கெதோனிய நீள்ஈட்டிப் படை செய்யப்போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. சரிஸ்ஸா ஈட்டி நடைமுறையில் 14 முழம் என்கிறார் பொலிபியஸ், அதாவது 6 மீட்டருக்குச் சற்று மேல். 1/72 அளவில் அது கிட்டத்தட்ட 87 மி.மீ., ஹெக்ஸின் அகலத்துக்கே கொஞ்சம்தான் குறைவு. முன்வரிசை ஈட்டிகளைச் சாய்த்துப் பிடித்தபடி ஒட்டினால் அவை எதிரியின் கட்டத்துக்குள் முக்கால்வாசி போய் நிற்கும். எதிரி யூனிட்டை எடுக்கும்போதெல்லாம் ஈட்டி வளையும், இல்லை ஒடியும். எல்லா ஈட்டியையும் நிமிர்த்தி, அணிவகுப்பு நிலையில் வைத்துவிடுங்கள். போர்க்கோலம் கொஞ்சம் குறையும், ஆனால் ஈட்டி மிஞ்சும். 1/72 மென்பிளாஸ்டிக்கில் இன்னொரு தொல்லை, வளைகிற இடத்தில் பெயின்ட் உரியும். சோப்புத் தண்ணீரில் கழுவி, நீர்த்த ஃபெவிகால் வகைப் பசையை அடிப்பூச்சாகக் கொடுத்து, மேலே வார்னிஷ் அடித்தால் ஓரளவு தாங்குகிறது.

சேதத்தைக் காட்டும் விதத்தில்தான் ரசனை பிரிகிறது. பேஸைப் பேஸாக எடுப்பது எளிது, மேசையின் எதிர்ப்பக்கத்திலிருந்தும் தெரியும். ஆனால் கவனியுங்கள்: இந்த விளையாட்டில் ஒரே ஒரு கட்டை மிச்சமிருக்கும் யூனிட்டும் பொதுவாக முழு பலத்தோடு அதே பகடையைத்தான் உருட்டுகிறது. வாரியர் வகைப் படைகள் போன்ற சில மட்டும் விலக்கு. அவை முழு எண்ணிக்கையில் இருக்கும்வரை ஒரு பகடை கூடுதலாகப் பெறுகின்றன. நாலு பேர் நிற்கும் ஒற்றைப் பேஸ் 5 பகடையோடு பாய்வது பொம்மையில் பார்க்கும்போது கொஞ்சம் விசித்திரமாக இருக்கும், கட்டையில் அந்த உறுத்தல் இல்லை. அதனால் 80க்கு 50 அளவில் யூனிட் முழுவதையும் ஒரே பேஸில் வைத்து, சேதத்துக்குச் சிறு அடையாளம் போடுபவர்கள் இருக்கிறார்கள். பார்க்க அது நிச்சயம் அழகு. எனக்கென்னவோ மேசையெங்கும் சிவப்பு மணிகள் சிதறிக் கிடப்பது பிடிப்பதில்லை. என் விருப்பம் நடுவழி: மெல்லிய இரும்புத்தாள் ஒட்டிய தட்டு ஒன்று, அதன்மேல் அடியில் காந்தத்தாள் ஒட்டிய தனித்தனிப் பேஸ்கள். நகர்த்தும்போது தட்டோடு போகும். அடிபட்டால் ஒரு பேஸ் கழன்றுவரும், காலியான இடத்தில் தட்டின் புல் தெரியும். வீரர்களை விரலால் தொட வேண்டியதே இல்லை. நான்கு கட்டைகளைக் கைப்பிடியில் அள்ளி நகர்த்திய பழக்கம் பொம்மையில் செல்லாது என்பதால், என்ன முறை எடுத்தாலும் தட்டு மட்டும் வேண்டும்.

படைக்கு எத்தனை பொம்மை என்று பலர் கணக்குப் பார்க்காமல் தொடங்கிப் பாதியில் நிறுத்துகிறார்கள். நடுத்தர அளவுப் படை ஒன்றை வைத்துக்கொள்வோம்: பேஸுக்கு நாலு பேர் வீதம் நடுத்தர, கனரகக் காலாட்படை 6 யூனிட் என்றால் 96 பேர், பேஸுக்கு இரண்டு பேர் வீதம் இலகுப்படை 4 யூனிட் என்றால் 32, பேஸுக்கு மூன்று குதிரை வீதம் 3 யூனிட் என்றால் 27, அதோடு யானை ஒரு யூனிட், தளபதிகள் இருவர். 155 வீரர்கள், இரண்டு யானை, இரண்டு தளபதி, இது ஒரு பக்கத்துக்கு. எதிர்ப்பக்கத்தையும் நீங்களே செய்யவேண்டும் என்றால் பேஸ் எண்ணிக்கையைப் பாதியாக்கி, காலாட்படைக்கு இரண்டு பேஸ், இரண்டு முறை அடிபட்டால் ஒரு பேஸ் போகும் என்று தொடங்குங்கள். பிறகு மெல்ல நிரப்பிக்கொள்ளலாம்.

கட்டையில் அச்சாகியிருந்து பொம்மையில் காணாமல்போகும் ஒரு விஷயம் உண்டு: பச்சை வட்டம், நீல முக்கோணம், சிவப்புச் சதுரம். இலகு, நடுத்தரம், கனரகம் என்ற இந்தப் பிரிவுதான் எந்தப் பகடை முகம் அடியாகும் என்று தீர்மானிக்கிறது. பொம்மையைப் பார்த்தே தெரிந்துவிடும் என்பீர்கள். ரோமானியர்களில் முதல் வரிசை ஹஸ்தாத்தி யார், இரண்டாம் வரிசை பிரின்கிபெஸ் யார் என்று மூன்றடி தூரத்திலிருந்து சொல்ல நிபுணராலும் ஆகாது. தட்டின் ஓரத்தில் அந்தந்த நிறத்தில் மெல்லிய கோடு அடியுங்கள். பெரும்பாலானோர் பின்ஓரத்தில் அடிக்கிறார்கள், ஆனால் தாக்கும் எதிராளிதான் இலக்கின் வகையை அறிய வேண்டியவர், அவருக்குத் தெரிவது முன்ஓரம். இரண்டு ஓரத்திலும் அடித்துவிடுங்கள். பகடைக்கு விளையாட்டின் பகடையையே வைத்துக்கொள்ளலாம், எண் பகடைக்கு மாற்றுவதில் எந்த லாபமும் இல்லை.

பொம்மைக்கு முகம் இருக்கிறதே, பக்கவாட்டிலும் பின்னாலும் தாக்கினால் கூடுதல் பகடை கொடுக்கலாமா என்று அடுத்து தோன்றும். இதில் நான் உறுதியாகச் சொல்வது ஒன்று, சந்தேகத்தோடு சொல்வது ஒன்று. உறுதி: விளையாட்டு பக்கவாட்டை மறந்துவிடவில்லை. இரண்டு நட்பு யூனிட்டுகள் பக்கத்தில் இருந்தால் ஒரு கொடியை அலட்சியப்படுத்தலாம். வரிசை அறுந்தால் அந்தத் துணை போகிறது. பின்வாங்க வழியில்லாமல் சூழப்பட்ட யூனிட், ஓட முடியாத ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கட்டையை இழக்கிறது. கி.மு. 216இல் கன்னேயில் ரோமப்படைக்கு நேர்ந்த கதி இந்த இரண்டு விதியிலேயே வந்துவிடுகிறது. இதற்கு மேல் முகவிதி சேர்த்தால் ஒரே குற்றத்துக்கு இரட்டைத் தண்டனை. சந்தேகம்: குதிரைப்படைக்கு மட்டும், எதிரி வரிசையின் பின்கட்டத்திலிருந்து தாக்கினால் ஒரு பகடை கூட்டினால் நன்றாக இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. ஆனால் இது குதிரை அதிகமுள்ள பக்கத்துக்குச் சாய்கிறது, எல்லாப் போரிலும் பொருந்தாது. வேண்டுமென்றால் ஒரு போரில் மட்டும் போட்டுப் பாருங்கள்.

முகம் உண்மையிலேயே முக்கியமான ஹெக்ஸ் விளையாட்டுகளும் இருக்கின்றன. 1992இல் வந்த ‘எஸ்.பி.க்யூ.ஆர்.’ வகையில் யூனிட் ஹெக்ஸின் முனையை நோக்கி நிற்கும். முன்னால் இரண்டு, பக்கம் இரண்டு, பின்னால் இரண்டு என்று கட்டங்கள் பிரியும். பொம்மைக்கு இது இயல்பாகவே ஒத்துவரும், யார் எங்கே பார்க்கிறார்கள் என்பது கேட்காமலே தெரியும். சிக்கல் வேறிடத்தில். ஒவ்வொரு யூனிட்டும் அடிகளைச் சேர்த்துக்கொண்டே போய்த் தன் தரஎண்ணை எட்டியதும் சிதறுகிறது. அந்த எண்ணிக்கையைப் பேஸை எடுத்துக் காட்ட முடியாது, யூனிட்டுக்கு ஒரு பெயர்ச்சீட்டும் தனித்தாளில் கணக்கும் வேண்டும். நீள்ஈட்டிப் படையணியான ஃபாலங்க்ஸ் இரண்டு ஹெக்ஸை அடைத்து நிற்பதால் அதன் பேஸ் 180 மி.மீ. போகும், அதைத் திருப்புவது ஒரு வேலை. உங்களுக்கு இது முதல் முயற்சி என்பதால் அந்தப் பக்கம் இப்போது போகவேண்டாம் என்பேன்.

நிலம் பற்றி இரண்டு வார்த்தை போதும். குன்றை ஹெக்ஸ் வடிவிலேயே வெட்டுங்கள். சாய்வாக, இயற்கையாகச் செய்தால் தட்டு வழுக்கும், எந்தக் கட்டம் குன்று என்று வாதமும் வரும். காட்டுக்கு அடியில் கரும்பச்சை ஃபெல்ட் ஹெக்ஸ் ஒன்று, மேலே ஒட்டாத மரங்கள். படை உள்ளே வந்தால் மரத்தை ஓரம் தள்ளலாம், ஃபெல்ட் மட்டும் அசையாது. கோடு முழுவதையும் வரையத் தேவையில்லை. ஒவ்வொரு ஹெக்ஸின் ஆறு முனையிலும் ஒரு சிறு புல்கொத்து அல்லது பொட்டு வைத்தால் ஆடுபவர் கண்ணுக்குக் கட்டம் தெரியும், புகைப்படத்தில் வெறும் வயல்வெளி.

பலகையில் இருந்து மேசைக்கு வரும்போது பலர் மறப்பது பலகையை மூன்றாகப் பிரிக்கும் அந்த இரண்டு புள்ளிக்கோடுகளை. கட்டளைக் கார்டுகள் பலவும் இடது, நடு, வலது என்று பேசுகின்றன. கோடு ஊடறுத்துச் செல்லும் ஹெக்ஸ்களில் நிற்கும் யூனிட் இரு பகுதிக்கும் சொந்தம், அந்த இரண்டில் எந்தப் பகுதியின் கார்டிலும் அதை அழைக்கலாம். தேர்ந்த ஆட்டக்காரர்கள் தளபதியை வேண்டுமென்றே அந்தக் கட்டங்களில் நிறுத்துவார்கள். எனவே அந்த ஹெக்ஸ்களின் முனைப்பொட்டுகளை மட்டும் வேறு நிறத்தில், உதாரணமாகக் காய்ந்த புல்லின் மஞ்சளில், வையுங்கள்.

பெயின்ட் பிரஷ்ஷைத் தொடுவதற்கு முன் தடித்த அட்டையில் 80க்கு 50 அளவில் முப்பது துண்டு வெட்டி, மேலே யூனிட் பெயர் எழுதி, விளையாட்டோடு வந்த போர்களில் ஒன்றை அந்த மேசையில் முழுதாக ஆடுங்கள். கை எட்டுகிறதா, கார்டு வைக்க இடம் இருக்கிறதா, இரண்டு யூனிட் பக்கத்துப் பக்கத்தில் இடிக்கிறதா என்பதெல்லாம் அதிலேயே தெரியும். அளவை மாற்ற வேண்டியிருந்தால் போவது அட்டை மட்டும்தான். அதன்பின் இலகுப்படையில் பெயின்ட் வேலையைத் தொடங்குங்கள். யூனிட்டுக்கு எட்டுப் பேர்தான், கவசமும் கிடையாது, சீக்கிரம் முடியும்.